ராடாருக்கு உப்புத் தெரியாது

தீவகத்தை ‘ஸ்மார்ட்’ ஆக்கும் வழி சொல்லி ஒரு பொறியியலாளர் எழுதிய கட்டுரையை வாசித்தேன். யாழ்ப்பாணம் ஸ்மார்ட் நகரமாகுமாம். வேலணையும் புங்குடுதீவும் நெடுந்தீவும் உணரிகளால் அதனோடு பிணைக்கப்படுமாம். நெற்பயிரைச் செய்மதி பார்த்துக்கொள்ளுமாம். ஆகவே வயலுக்குப் போகிற விவசாயப் போதனாசிரியருக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கலாமாம். கடைசி வரியை எழுதும்போது அவருக்குக் கை கூசவேயில்லை.

செய்மதியோடு எனக்குப் பகையில்லை. சென்ரினல்-1 செய்மதியின் ராடார் முகிலை ஊடுருவிப் பார்க்கும். மாரிகாலத்தில் அது பெரிய உதவி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ராடார் படங்களைக் கொண்டு காவிரிப் படுகையின் நெற்பரப்பையும் விளைச்சலையும் கணித்தன. பயிர்க் காப்புறுதிக்கும் அது உதவியது. கட்டுரையாளரின் துருப்பும் இதுதான். ஆனால் காவிரிப் படுகையைக் கண்டவுடன் வேலணையையும் கண்டுவிட்டதாக நினைத்துவிட்டார்.

ராடார் நெல்லை எப்படி இனம்காண்கிறது? நடவுக்கு முன் வயலில் தண்ணீர் நிற்கும். நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் தெறிக்க விடுவதால் படம் கறுக்கும். பயிர் எழும்ப எழும்ப வெளுக்கும். முதலில் கறுத்துப் பிறகு வெளுப்பதுதான் அடையாளம். சேற்றில் நாற்று நடும் தஞ்சாவூருக்கு அது சரி. எங்களிடம் ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். மழை வந்து வயலில் தண்ணீர் நிற்கும்போது பயிர் ஏற்கெனவே முளைத்திருக்கும். அப்படி முளைத்த நெல்லையும் பக்கத்துத் தரவை நிலப் புல்லையும் மேலிருந்து பிரித்தறிவது அவர் நினைப்பதுபோல் லேசில்லை.

அளவையும் பார்ப்போம். படத்தில் ஒரு கட்டம் 10 மீற்றருக்கு 10 மீற்றர். எங்கள் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு சுமார் 253 சதுர மீற்றர், அதாவது இரண்டரைக் கட்டம். அதற்குள்தான் வரம்பும், வரம்போரப் பனையின் நிழலும்.

இதையெல்லாம் நல்ல மென்பொருள் ஒருநாள் சரிக்கட்டிவிடலாம். உப்பை என்ன செய்வது? உவர்நீர்த் தடுப்பணை உடைந்த இடத்தால் கடல் ஏறினால் வயல் மினுங்கும். மழைத் தண்ணீர் நின்றாலும் அப்படியே மினுங்கும். ராடாருக்கு இரண்டும் ஒரே கறுப்பு. என் அப்பு வரம்பில் குந்தியிருந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். முகம் சுளித்தாரென்றால் அந்த மூலையில் அந்தப் போகம் போச்சு. இன்றைக்குப் போதனாசிரியர் உவர்மானியை வைத்து அதே வேலையைச் செய்கிறார். பிறகு, உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 விதைக்கலாமா, இல்லை இந்த முறை நிலத்தைச் சும்மா விடுவதா என்று சொல்கிறார். நிறுத்தச் சொல்வது இந்த மனிதரைத்தான்.

தொழில்நுட்பம் இல்லாததால்தான் சனம் தீவை விட்டுப் போனதாகவும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். போர் நடந்த 1990இல் நாங்கள் ஏன் எழும்பினோம் என்று புங்குடுதீவின் பூட்டிய வீடுகளைக் கேட்டாலே சொல்லும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு கலப்பு மின்திட்டத்தை அவர் உதாரணம் காட்டியதுதான் வேடிக்கை. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதைச் சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. இந்தியா எதிர்த்தது. டிசம்பரில் பாதுகாப்புக் காரணம் என்று சீனத் தரப்பு நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை. இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 2024 மார்ச் ஆனது. 2230 கிலோவாற்றுச் சூரியத் தகடும் காற்றாடியும் எப்போதோ கடையில் கிடைக்கிற சாமான்கள். யாருடைய தகடு என்பதுதான் வழக்கு; அந்த வழக்கில் தீவுச் சனம் கட்சிக்காரரே இல்லை. மூன்று வருடமும் டீசல் மின்பிறப்பாக்கி இரைந்துகொண்டிருந்தது.

இனி அவர் மிச்சம் பிடிக்க நினைக்கும் செலவு. ஒரு மோட்டார் சைக்கிள், பெற்றோல், ஒரு உவர்மானி, குறிகாட்டுவான் துறையிலிருந்து படகு. சென்ரினல் படங்களோ இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். அவற்றைப் போதனாசிரியரின் கையில் கொடுங்கள். எந்த வயலுக்கு முதலில் ஓடுவதென்று பார்த்துக்கொள்வார். போய் இறங்கி, குனிந்து, தண்ணீரைத் தொடுவது அவர் வேலை.