சம்பளத்துக்கு இங்கிலீஷ், அலையறதுக்குத் தமிழா?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் தைக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஜோடிக்கு இத்தனை என்று கூலி. பெரும்பாலானவர்களுக்கு பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. இவர்களைச் சங்கமாகச் சேர்க்கிறோம் என்று வெளிநாட்டுப் பணத்தில் ஒரு நிறுவனம் வந்தது. ஜோலார்பேட்டையில் எங்க தெருப் பொண்ணு ஒருத்தி அதுக்காக மூணு வருஷம் தொண்டராக அலைந்தாள். சேரியில் தமிழ், மசூதித் தெருவில் உருது, அருந்ததியர் குடியிருப்பில் தெலுங்கு. மூணும் அவள் வாயில் இருக்கு. கிடைத்தது பஸ் காசு.

அப்புறம் சம்பளத்தோடு ஒரு வேலைக்கு ஆள் கேட்டார்கள். முதல் நிபந்தனை, 'ஆங்கிலத்தில் சரளமாகப் பேச, எழுதத் தெரிந்திருக்க வேண்டும்'. இண்டர்வியூவில் உன்னைப் பத்திச் சொல்லு என்று இங்கிலீஷில் கேட்டார்களாம். அதோடு முடிந்தது. வேலை பெங்களூரில் படித்த ஒருவருக்குப் போச்சு. தமிழ் தெரியாது. ரயிலில் வந்து இறங்குவார். தெருத்தெருவாய் அவர் பேச்சை மொழிபெயர்க்க, பாதி இங்கிலீஷ், பாதி சைகையாக, இவள்தான் கூடப் போகணும். இப்பவும் பஸ் காசுதான்.

நம்ம ஊர்க் கூத்து மட்டுமல்ல இது. விக்கிப்பீடியா 2001-இல் தொடங்கியது, தமிழில் 2003-இல் வந்தது. 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் கூலி வாங்காதவர்கள் எழுதுகிறார்கள். தமிழில் ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல். அதைத் தாங்கும் விக்கிமீடியா அறக்கட்டளைக்குத் தலைமையிடம் சான் பிரான்சிஸ்கோ, அலுவல் மொழி இங்கிலீஷ். இத்தனை மொழிக்காரர்கள் கூடிப்பேச ஒரு பொதுமொழி வேணும்தான், மறுக்கவில்லை. எந்த அளவுக்கு வேணும் என்பதுதான் கேள்வி. கடிதத்தைப் படித்துப் பதில் எழுதுகிற அளவா, அமெரிக்கக்காரன் மாதிரி நாக்கைச் சுழற்றுகிற அளவா? இரண்டாவதைக் கேட்டால் மனு போடுவதற்கு முன்னாலேயே சாதியும் வர்க்கமும் சலித்துவிடும்.

இங்கிலீஷே வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த அம்பேத்கர் சாதியை உலகத்தின் முன் நிறுத்தியது இங்கிலீஷில்தான். அதே அம்பேத்கர் 1920-இல் 'மூக்நாயக்' பத்திரிகையை மராத்தியில் போட்டார். யாரோடு பேச எது வேணும் என்று தெரிந்தவர்.

'சரி, நல்ல தமிழ் தெரிந்தவரை எடுப்போம்' என்று வருவார்கள். உஷார்! யாருடைய தமிழ் நல்ல தமிழ்? 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, சேரிப் பேச்சில் எழுதியதையே குற்றமாகப் பார்த்தவர்கள் உண்டு.

வேலை யாரிடம் நடக்கப் போகிறதோ அந்தச் சனங்களின் மொழி விளம்பரத்தில் முதல் வரியாக வரட்டும். இங்கிலீஷ் எதற்கு, எவ்வளவு என்று பச்சையாக எழுதட்டும். நேர்காணலில் மொழிபெயர்க்க ஒருவரை உட்கார வைக்கட்டும், தங்கள் செலவில். தேவைப்படும் இங்கிலீஷைச் சேர்ந்தபின் ஆறு மாசத்தில் கற்றுக் கொடுக்கலாம். மூணு மொழியை ஆறு மாசத்தில் எந்த ஆபீசருக்குக் கற்றுக் கொடுப்பீர்கள்?

திங்கட்கிழமை அவர் மறுபடி வருகிறார். ஸ்டேஷனுக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டாள். போனால் அன்றைக்குத் தையல் கூலி போச்சு. போ, ஆனா மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு தருவீங்கன்னு முதல்ல கேளு என்றேன்.