மீன் தின்றவன் ரத்தத்தில் மீன்தான் தெரியும்

காயல்பட்டினத்தில் பிறந்த என் காக்கா (அண்ணன்) மகனுக்குச் சீலா மீன் ஆகாதாம், முட்டை ஆகாதாம், தேங்காய் ஆகவே ஆகாதாம். சொன்னது டாக்டர் இல்லை, ஒரு ரிப்போர்ட். வயிறு உப்புகிறது என்று போனவனிடம் கொஞ்சம் ரத்தத்தையும் நிறையப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, நூற்றுச் சொச்சம் உணவுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவன் நித்தம் தின்பதெல்லாம் சிவப்பு. பச்சையில் இருப்பது அவன் வாயில் வைத்தே பார்க்காத ப்ரோக்கோலி.

பின்னே எப்படி வரும்? அந்தச் சோதனை பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. தின்கிற உணவுக்கு உடம்பு அதை இயல்பாகவே உண்டாக்கும். அதிலும் ஐஜிஜி4 வகை, அந்த உணவு உடம்புக்குப் பழகிவிட்டது என்பதற்கே அடையாளம். இதை வைத்து உணவு ஒவ்வாமை என்று முடிவு கட்டாதீர்கள் என்று ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்கள் 2008-லும் கனடா நிபுணர்கள் 2012-லும் சொல்லியாயிற்று. வியாபாரம் மட்டும் நின்றபாடில்லை.

இறால் தின்றதும் உதடு வீங்கி மூச்சு முட்டுகிறதே, அது வேறு. அங்கே வேலை செய்வது ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். பால் குடித்து வயிறு உப்பினால், பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருக்கலாம். ஐஸ் படாமல் வெயிலில் கிடந்த சூரையைத் தின்று முகம் சிவந்தால், அது மீனில் ஊறிய ஹிஸ்டமின். கோதுமையால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய்க்கு முறையான ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் இந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால், இருக்கிற நோயும் அந்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். எதைத் தின்றாய், எவ்வளவு நேரத்தில் வந்தது, திரும்பத் தின்றாலும் வருகிறதா என்று விசாரித்தால்தான் எது எதுவென்று பிடிபடும். ஐஜிஇ சோதனைக்குமே அந்த விசாரணை வேண்டும்.

இப்போது அவன் உம்மாவுக்கு அடுப்படியில் இரண்டு ஆணம்: தேங்காய் அரைத்து ஒன்று, அரைக்காமல் ஒன்று. கல்யாணக் களறி விருந்தில் சஹன் தட்டைச் சுற்றி எல்லாரும் தின்ன, இவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். கூட இருந்தவர்களுக்கும் சோறு இறங்கவில்லையாம். பெரியவன் சமாளித்துக்கொள்வான். வளர்கிற பிள்ளைக்கு இதே காகிதத்தை நம்பிப் பாலையும் முட்டையையும் மீனையும் நிறுத்தினால் அதன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

இவ்வளவையும் விட்ட பிறகும் வயிறு உப்புவது நிற்கவில்லை. இன்னும் பெரிய பேக்கேஜ் இருக்கிறதாம், அதை எடுக்கப் போகிறானாம். "முதலில் நல்ல டாக்டராகப் போய்ப் பாருடா" என்றேன்.

"அவங்க சும்மா கேள்விதான் கேப்பாங்க மாமி" என்கிறான்.