பச்சையும் லேசரும்

மதுரையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன தம்பி திரும்பி வந்து, "அண்ணே, கையில இருக்கிற அம்பேத்கரை லேசர்ல எடுத்துரட்டுமா?" என்றான். பச்சையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம்.

எங்க அப்பத்தாவுக்கும் கை நிறையப் பச்சை. மேலூர்ப் பக்கம் நாத்து நட்ட கை. "இந்த நகையை எவனும் புடுங்க முடியாதுடா" என்பாள். சும்மா சொல்லவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர் தங்கம், வெள்ளி அணியக்கூடாதென்று கள்ளர் சாதி ஆதிக்கவாதிகள் தடை போட்டார்கள். மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள்.

தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேசர் மையைத் தூளாக்கும், உடம்பு அதை மெல்ல மெல்ல அள்ளிக்கொண்டு போகும். பல தடவை வரவேண்டும் என்றார்கள். கறுத்த தோலில் கவனம் தப்பினால் மையோடு நம் நிறத்தையும் சுட்டுவிடும், வெள்ளைத் திட்டு விழும். இதையும் சொல்லிவிட்டு, "அப்படியே முகத்தையும் வெளுப்பாக்கிரலாமா?" என்று கேட்டார்கள்.

கறுப்பு என்ன வியாதியா? பச்சை போனபிறகு அதே வீட்டுக்காரர் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்பாரே, அதற்கு எங்கே போய் லேசர் வைப்பது?

லேசருக்கு வைத்திருந்த காசை அட்வான்ஸுக்கு ஒதுக்கிவிட்டு வேறு வீடு தேடுகிறோம். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறான்.