நிற்கும் காருக்குச் சலுகை, ஓடும் காருக்கு இரட்டைக் கட்டணம்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் செய்துங்கநல்லூரையும் கருங்குளத்தையும் தாண்டினால் ஆதிச்சநல்லூர். காயல்பட்டினத்துக்குப் போய் வரும் நம் குடும்பங்கள் எத்தனையோ முறை கடந்த இடம். அங்குள்ள பரம்பில் 1876-இல் ஜெர்மானியர் ஜாகோரும், அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் கிடைத்தன. 2023 ஆகஸ்டில் தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடி பதித்து, களத்திலேயே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய இரும்பைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாப்பது சரியான வேலைதான். அந்தக் கத்திக்கும் ஈட்டிக்கும் இனி வேலை ஏதும் இல்லை.

ஆனால் அதே சாலையில் வேறொரு பழைய இரும்பு இன்னமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. வாப்பா காலத்து அம்பாசிடர், எங்கோ ஒரு பிரீமியர் பத்மினி, அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவை கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே எடுக்கும் கார்கள் அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும், உம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகவும், தூத்துக்குடி சந்தைக்குப் போய் வரவும் அன்றாடம் ஓடுகிறவை. இந்த வண்டிகளை நம் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2025-இல் வந்த கட்டண உயர்வுக்குப் பிறகு இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால், ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு பெறலாம். பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும்; ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டுகள், பின்னர் புதுப்பிக்க ரூ.5,000. அடுத்த ஆண்டே இன்னொரு சலுகையும் கிடைத்தது. 2022 ஜூன் முதல், விண்டேஜ் காராகப் பதிவான தனியார் கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி.

இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைச் சாலையில் வழக்கமாக ஓட்டக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே வெளியே எடுக்கலாம். அதாவது 1970-இல் பதிவான ஒரு காரை விண்டேஜ் ஆக்கிவிட்டால், அதில் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விட முடியாது.

அன்றாடம் ஓட்டுகிறவர் சாதாரணப் பதிவையே தொடர வேண்டும். 15 ஆண்டுகள் முடிந்தபின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்பது நாமெல்லாம் அறிந்த நடைமுறை. 2022 ஏப்ரலுக்கு முன் ஒரு காருக்கு இதற்கான கட்டணம் ரூ.600. அன்று முதல் ரூ.5,000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு ரூ.10,000. இரு சக்கர வண்டிக்கு ரூ.2,000, மூன்று சக்கர வண்டிக்கு ரூ.5,000. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் ரூ.80,000. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. நம் மாநிலத்தின் பசுமை வரியும் தனி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷெட்டில் நிற்கும் காருக்குப் புதுப்பிக்க 5,000. தினமும் உழைக்கும் காருக்கு 10,000, அதுவும் 5 ஆண்டுக்கு ஒருமுறை. காப்பீட்டில் நிற்கும் காருக்குப் பாதி தள்ளுபடி. சாலையில் குறைவாக ஓடும் வண்டியால் ஆபத்து குறைவு என்பதால் அந்தத் தள்ளுபடியில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் மொத்தத்தில் கிடைக்கும் சேதி என்ன? பழைய காரைச் சேகரிக்கிறவருக்கு ஆதரவு. அந்தக் கார்தான் வீட்டின் ஒரே வண்டி என்றிருப்பவருக்குச் சுமை.

சுமை என்று சொன்னாலும் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். 5 ஆண்டுக்கு 10,000 என்பது மாதத்துக்கு 170 ரூபாய்கூட ஆகாது. இந்தக் கட்டணம் மட்டும் எந்தக் குடும்பத்தையும் சாய்த்துவிடாது. அரசின் எண்ணம் கட்டணத்தில் வருமானம் பார்ப்பதாகவும் தெரியவில்லை. பழைய வண்டியைக் கைவிட்டுப் புதியதற்கு மாறச் செய்வதுதான் நோக்கம். அந்த மாற்றத்தின் விலையைத்தான் நாம் பார்க்க வேண்டும். 6 லட்சம் ரூபாய் கடனில் ஒரு கார் எடுத்தால், ஒன்பதரை சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.12,600. வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. வட்டியில் இறங்கக்கூடாது என்று உறுதியாக இருக்கும் நம் குடும்பங்களுக்கு அந்த வழியே கிடையாது. ரொக்கம் சேரும் வரை பழைய வண்டியோடுதான் காலம் தள்ள வேண்டும். பலர் பழைய காரை வைத்திருப்பது ஆசைக்காக அல்ல, கடன் வாங்காமல் இருப்பதற்காக. கொள்கை வகுப்பவர்கள் கண்ணில் இப்படிப்பட்ட வீடுகள் படுவதாகத் தெரியவில்லை.

இனி வண்டியின் பக்கத்துக்கு வருவோம். பழைய கார் எதனால் கெடுகிறது என்று எந்தப் பட்டறையில் கேட்டாலும், ‘ஓட்டாமல் போட்டுவைத்ததால்’ என்ற பதில்தான் முதலில் வரும். நின்றுகொண்டே இருந்தால் ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். பிரேக் சிலிண்டர் இறுகிவிடும். பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு பிடிக்கும். பேட்டரி இறங்கும். தினம் பத்து கிலோமீட்டராவது ஓடினால் எஞ்சின் சூடாகி உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஆக, விண்டேஜ் விதி எதைத் தடுக்கிறதோ, அந்த அன்றாட ஓட்டம்தான் வண்டியின் ஆயுளைக் கூட்டுகிறது.

நம் கரையில் இன்னொரு எதிரி உப்பு. முள்ளக்காடு, ஆறுமுகநேரி உப்பளங்களை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கதவுக்குக் கீழே உள்ள பட்டை, தரைத் தகடு, லீப் ஸ்பிரிங் மாட்டும் கொக்கி ஆகிய இடங்களில்தான் துரு முதலில் உட்காரும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே கை வைத்தால் தகடு உதிரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அந்த வெள்ளம் புதியது பழையது பார்க்காமல் வண்டிகளை மூழ்கடித்தது. கார்புரேட்டர் வண்டியை எண்ணெய் மாற்றி, பிளக்கைக் கழற்றி, வயரிங்கைக் காயவைத்து மீட்டுவிட வாய்ப்பு உண்டு. கணினிப் பெட்டி வைத்த புது வண்டிக்கு அந்தச் செலவு பல மடங்கு. அதே நேரம், அன்று பழைய காரின் பாடிக்குள் புகுந்த தண்ணீர் மடிப்புகளில் தங்கித் துருவாக மாறியிருக்கும். வெள்ளம் பார்த்த காரை வைத்திருப்பவர்கள் ஒருமுறை கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலே இன்று பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய காலத்து ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அரிக்கும். மைலேஜ் ஓரளவு குறையும் என்பதையும், பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்பதையும் மத்திய அரசே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்பனையில் இருக்க வேண்டும் என்று கேட்ட வழக்கை உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது. இந்த விஷயத்திலும் காரைப் போட்டுவைத்தவருக்குத்தான் கஷ்டம் அதிகம். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் எத்தனால் பெட்ரோல் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். தினம் ஓட்டுகிறவர் டேங்கைக் காலி செய்து நிரப்பிக்கொண்டே இருப்பார். எப்படியும் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியே ஆக வேண்டும். கசியும் குழாய் சூடான எஞ்சினுக்கு மேல் இருப்பது விளையாட்டான காரியமல்ல.

வயதை மட்டும் அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதை டில்லி காட்டியது. 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே தடை. பசுமைத் தீர்ப்பாயம் தொடங்கிவைத்ததை 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பங்க்கில் எரிபொருளே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பி சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்கக்கூடாது என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. மும்பையில் டாக்ஸிகளுக்கு 20 ஆண்டு வரம்பு. கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர் இறுதியில் அந்த வரம்பைத் தொட்டு ஒதுங்கியது.

நம் உறவுகள் வாழும் கொழும்பில் கதை வேறு. இலங்கை அரசு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய காரை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் ஒரு நாட்டின் பிழைப்பாகவே இருந்தது. இன்றும் அங்கே மோரிஸ் மைனரை ஓட்டுகிறவரைப் பார்த்து யாரும் வியப்பதில்லை.

எங்கள் வாதத்துக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. புகைகூட இல்லை, பாதுகாப்புதான் அது. புகையைப் பொறுத்தவரை, வினைமாற்றி இல்லாத கார்புரேட்டர் கார் ஒரு கிலோமீட்டருக்கு அதிகம் கக்கும் என்பது உண்மை. நாளைக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் கார் மொத்தத்தில் எவ்வளவு கக்குகிறது என்பது வேறு கணக்கு. பாதுகாப்பில் அப்படி எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம், முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை 2021-இலிருந்து கட்டாயம். பழைய அம்பாசிடரில் இரண்டும் கிடையாது. சோபா போன்ற முன்னிருக்கையில் மடியில் குழந்தையோடு உம்மா உட்கார்ந்து வருவது நம் ஊர்களில் பழகிய காட்சி. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால் அந்தக் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. ‘அந்தக் காலத்துத் தகடு, டாங்க் மாதிரி’ என்று பெருமை பேசுகிறோம். தகடு மடங்காவிட்டால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் உடம்புக்குத்தான் வரும். புதிய கார்களின் முன்பகுதி நொறுங்கும்படி செய்யப்படுவதே அதற்காகத்தான்.

ஆகவே பழைய காரை அன்றாடம் ஓட்டுகிற வீட்டில் சீட் பெல்ட் பொருத்துவது முதல் வேலை, பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை. அம்பாசிடர் உற்பத்தி உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. உதிரிபாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை வரை ஆள் அனுப்பித் தேட வேண்டியிருக்கிறது. புஷ் போன்றவற்றை லேத் பட்டறையில் கடைந்து கொள்ளலாம். பிரேக் பாகங்களில் மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம். நெடுஞ்சாலையில் இரவுப் பயணத்தையும் தவிர்க்கலாம். அந்த விளக்கின் வெளிச்சம் இன்றைய வேகத்துக்குப் போதாது.

அரசிடம் கேட்க வேண்டியது சலுகை அல்ல, சோதனை. 2021-இல் பழைய வாகனக் கழிப்புக் கொள்கையை அறிவித்தபோது, 20 ஆண்டு கடந்த தனியார் வண்டியைத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்துவோம், தோற்றால்தான் கழிப்போம் என்றுதான் சொன்னார்கள். அதற்கான தானியங்கி சோதனை மையங்களைக் கட்டாயமாக்கும் தேதியோ பலமுறை தள்ளிப்போனது. சோதனை தள்ளிப்போகிறது, கட்டணம் மட்டும் குறித்த நாளில் ஏறிவிடுகிறது. பிரேக் பிடிக்கிறதா, சேஸிஸ் அரித்திருக்கிறதா, புகை எவ்வளவு என்று இயந்திரம் அளந்து சொல்லட்டும். தோற்ற வண்டி வாப்பாவின் நினைவாக இருந்தாலும் சாலையை விட்டு விலகட்டும். தேறிய வண்டியின் உரிமையாளரிடம் அதன் வயதுக்காக இரட்டைக் கட்டணம் வாங்க என்ன நியாயம் இருக்கிறது என்பதைப் போக்குவரத்துத் துறைதான் சொல்ல வேண்டும்.

அதுவரை, ஆர்.சி. காலாவதி ஆகும் தேதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்காத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.