51 புள்ளிகளும் மூன்று மரங்களும்

கணினித் திரையிலே வாளும் மந்திரமும் மின்ன, இணையவழி விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் இளைஞர் இன்று பல இல்லங்களில் உளர். அதனைக் கண்டு, "இஃது என்ன வீண் பொழுது!" எனச் சலித்துக்கொள்ளும் பெற்றோரும் உளர். அவ்விளையாட்டுக்களுள்ளே 'திறன் மரம்' என்று ஒன்று உண்டு. அதனை ஆக்குவோர் எதிர்கொண்ட சிக்கல், விளையாடாதாரும் அறியத்தக்கது என்பது நம் கருத்து.

2004ஆம் ஆண்டு வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். போர்வீரன், மந்திரவாதி, பூசகர் முதலாக அன்று அதில் இருந்த பாத்திர வகைகள் 9. ஒவ்வொன்றுக்கும் மூன்று மரங்கள். மந்திரவாதிக்கு நெருப்பு, பனி, மறைவித்தை என்பன அவை. பத்தாம் படி முதல் படிக்கொரு புள்ளியாக, அறுபதாம் படியிலே 51 புள்ளிகள் சேரும். ஒரு மரத்தில் ஐந்து புள்ளிகள் இட்டால் அடுத்த வரிசை திறக்கும். கடைசித் திறனோ 31ஆம் புள்ளிக்கே கிட்டும். இரு மரங்களின் எல்லையைத் தொட 62 புள்ளிகள் வேண்டும், கையிலிருப்பதோ 51! எதைப் பெறுவது என்று எண்ணுமுன், எதைக் கைவிடுவது என்று துணிய வேண்டியிருந்தது.

மனம் மாறினால்? அதற்கும் வழி இருந்தது. ஆனால் விலையும் இருந்தது. முதன்முறை ஒரு பொன், மறுமுறை ஐந்து, பின்னர் ஐந்தைந்தாக ஏறி ஐம்பது வரை செல்லும். 2000ஆம் ஆண்டு வந்த 'டயப்லோ 2' இன்னும் கடுமையானது. 2010இலே திருத்தம் செய்யப்படும் வரை, அதில் இட்ட புள்ளியை மீட்க முடியாது. அறியாமையால் தவறிய புதியவர், பல நாள் உழைப்பைத் துறந்து முதலிலிருந்து தொடங்குவதன்றி வேறு வழியில்லை.

இனி, மற்றொரு தொல்லையைக் கேளுங்கள். மரத்திலுள்ள பல திறன்கள் நூற்றுக்கு ஒன்று, இரண்டு எனச் சிறு பலம் கூட்டுவன. எண்ணுக்கு அடங்குவதைக் கணக்கில் வல்லார் விட்டுவைப்பாரா? மிகச் சிறந்த வழியைக் கண்டு உரைத்தனர். ஏனையோர் அதனையே பார்த்தெழுதினர். ஒரு வழியே சிறந்ததாயின் மற்றவை தெரிவுகள் அல்ல, பொறிகளே.

ஆதலின் 2010இல் புள்ளிகள் 41 ஆகக் குறைக்கப்பட்டன. ஒரு மரத்தில் 31 இட்ட பின்னரே அடுத்த மரத்தைத் தொடலாம் என்றும் விதிக்கப்பட்டது. 2012இலோ மரங்களையே வெட்டிவிட்டனர். ஆறு வரிசைகள், வரிசைக்கு மூன்று திறன்கள், ஒன்றையே தெரியலாம். தெளிவு பிறந்தது, ஆயினும் படிதோறும் ஒரு புள்ளி பெற்று மகிழ்ந்த இன்பம், பதினைந்து படிக்கு ஒருமுறை வருவதாயிற்று. தம் பாத்திரம் தம் கையால் வளர்ந்தது என்னும் உணர்வு குன்றிற்றெனப் பலர் குறைப்பட்டனர். 2022இல் மரங்கள் மீண்டும் துளிர்த்தன: வகைக்குப் பொதுவாய் ஒன்று, சிறப்புத் துறைக்கு ஒன்று. எழுபதாம் படியிலே 31உம் 30உமாகப் புள்ளிகள், மாற்றிக்கொள்ளுதலும் எளிதாயிற்று.

இவற்றால் நாம் அறிவது யாது? ஒவ்வொரு கிளைக்கும் தனக்கென ஒரு பயன் இருத்தல் வேண்டும். பெரிய தெரிவுகளுக்கிடையே சிறு மகிழ்ச்சிகளும் வேண்டும். தவறியவர் திரும்ப வழி வேண்டும். ஆனால் தெரிவு விளையாட்டாகிப் போகாதவாறு அதற்கு ஓரளவு கனமும் வேண்டும். இவையனைத்தையும் ஒருங்கே நிறுத்துதல் எளிதன்று. பதினெட்டு ஆண்டுக் காலம் நட்டும் வெட்டியும் மீண்டும் நட்டதே அதற்குச் சான்று.

அடுத்த முறை பிள்ளை திரைமுன் அமர்ந்திருக்கக் கண்டால், "எத்தனை மணி நேரம்?" என்று கேட்குமுன், "எந்தக் கிளையைத் தெரிந்தாய்? எதனை விட்டாய்? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பிறர் சொன்னதைப் பார்த்தெழுதினாரா, தாமே சிந்தித்தாரா என்பது அவ்விடையிலே தெரிந்துவிடும்.