'துணை' என்று சொல்லி ஒதுக்கிய புரதம்

ஏற்பியை நாயகனாக்கி ஏனைய புரதங்களை ஓரத்தில் நிறுத்தும் பழைய வரைபடத்தை நம் பாடநூல்களிலிருந்து நீக்கும் காலம் எப்போதோ வந்துவிட்டது. ஹார்மோன் வருகிறது, ஏற்பியில் பொருந்துகிறது, செல்லுக்குள் செய்தி பரவுகிறது. அந்த ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கு எப்படி வந்தது? "அது துணைப் புரதங்களின் வேலை" என்ற ஒற்றை வரிப் பதிலைக் கொல்கத்தாவின் கருத்தரங்குகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அட்ரீனல் சுரப்பியைக் கார்ட்டிசால் சுரக்கத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை எடுத்துக்கொள்வோம். அதன் ஏற்பியான எம்சி2ஆர் புரதத்தின் மரபணு 1992இல் அறியப்பட்டது. ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் செல்களில் அதைப் புகுத்தினால் அது இயங்க மறுத்தது; அட்ரீனல் வழிவந்த செல்களிலோ இயங்கியது. இந்தப் புதிர் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஏற்பியின் மரபணுவில் பழுதில்லாமலே நோயுற்ற குடும்பங்களை ஆராய்ந்த லண்டன் குழுவொன்று 2005இல் விடை கண்டது. அந்த விடை எம்ஆர்ஏபி என்னும் சிறு புரதம். அது இல்லையேல் ஏற்பி எண்டோபிளாச வலைக்குள்ளேயே முடங்கிவிடும். மேற்பரப்பை அடைந்த பிறகும் ஹார்மோனைப் பற்றிக்கொள்ள ஏற்பிக்கு அது வேண்டும். இதையா துணை என்பது? துணைவேந்தர் இல்லாமல் நம் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்துவிடுகின்றன. எம்ஆர்ஏபி இல்லாமல் அட்ரீனல் நடக்காது.

இந்நகரில் இருந்துகொண்டு இதைப் புறக்கணிப்பது இன்னும் உறுத்துகிறது. காலரா நச்சை 1959இல் நேச்சர் இதழில் நிறுவிய சம்பு நாத் தே இங்கே பணியாற்றியவர். அந்நச்சு ஏற்பிகளைக் கடந்து நேரே ஜி புரதத்தைப் பற்றிச் சைக்ளிக் ஏஎம்பியைப் பெருக்குகிறது. ஏசிடிஎச்சுக்கு அசையாத செல் காலரா நச்சுக்கு அசைந்தால், உள்ளே எல்லாம் நலம், பழுது வாசலில் என்று பொருள். கருவியைத் தந்த ஊரில் கேள்வி மட்டும் எழுவதில்லை.

அரிய நோய்க்கு இத்தனை ஆரவாரமா என்பார்கள். 1998இல் கண்டறியப்பட்ட ராம்ப் புரதங்களும் இவ்வினமே. ஒற்றைத் தலைவலிக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எரெனுமாப், ஏற்பியும் ராம்ப்1 புரதமும் சேர்ந்த கூட்டமைப்பையே குறிவைக்கிறது.

அரிய நோயாகவே இருக்கட்டும். எம்ஆர்ஏபி பழுதான குழந்தைக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரியும், தோல் கருக்கும். நம் நாட்டில் அந்தக் கருமையைப் பிறவி நிறமென்று கடந்துபோவது எளிது. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை காப்பாற்றும் உயிர் அது. "எம்சி2ஆர் இயல்பு" என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூடுகிறவர், எம்ஆர்ஏபி மரபணுவைப் பார்த்தாரா இல்லையா என்பதையும் அடுத்த வரியில் எழுதட்டும்.