வண்டியும் நாமும்: ஸ்டியரிங் எண்ணெய்க்கும் காய்ச்சல் வரும்



தோட்டத்தில் கார் வைத்திருப்பவர்களும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்காரர்களும் காலையில் வண்டியை எடுக்கும்முன் எதைப் பார்க்கிறார்கள்? ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் கம்பியை உருவி என்ஜின் எண்ணெயையும் பார்ப்பார்கள். அதோடு பானெட்டை மூடிவிடுவார்கள். அதே பானெட்டுக்குள் ஓர் ஓரமாகக் கைக்கு அடக்கமான சின்ன டப்பா ஒன்று இருக்கிறது. மூடியில் 'பவர் ஸ்டியரிங்' என்று எழுதியிருக்கும், அல்லது ஸ்டியரிங் வட்டத்தின் படம் போட்டிருக்கும். அதைத் திறந்து பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால், "அதை வேறு பார்க்க வேண்டுமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

பார்க்கத்தான் வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்த எண்ணெய் கொதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பவர் ஸ்டியரிங்கைக் கெடுப்பதில் சூட்டுக்கும் பங்கு உண்டு. அந்தச் சூட்டை உண்டாக்குவதில் பெரும் பங்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நம்முடைய கைக்கு.

1985-இல் புரோட்டோன் சாகா வந்த புதிதில் அதை ஓட்டியவர்களைக் கேளுங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். பிறகு 1993-இல் வீரா வந்தது. ஒரு விரலால் திருப்பலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அந்தப் பெருமைக்குக் காரணமான யோசனை அமெரிக்காவில் பிறந்தது. பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லோரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் 1926-இலேயே எண்ணெய் அழுத்தத்தால் திருப்பும் ஸ்டியரிங்கை ஒரு வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விலைக்கு விற்ற காரில் அது வந்து சேர 1951 ஆயிற்று. கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில்தான் முதலில் கொடுத்தது.

வேலை செய்யும் முறை சுலபம். என்ஜின் சுற்றும்போது ஒரு பெல்ட் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் பக்கம் பார்த்து அந்த எண்ணெய் உள்ளே புகுந்து, 'ரேக்' என்னும் பற்சட்டத்தை நகர்த்தி, முன் சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. வேலை முடிந்த எண்ணெய் இன்னொரு குழாய் வழியாக டப்பாவுக்குத் திரும்பி வருகிறது. இந்தச் சுற்று முழுவதிலும் இருக்கும் எண்ணெய் சிறிய கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான்.

நேர்ச் சாலையில் போகும்போது பம்புக்கு அதிக வேலை இல்லை. எண்ணெய் சும்மா சுற்றி வரும். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து, 'டக்' என்று முட்டிய பிறகும் விடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அப்போதுதான் வினை. சக்கரம் அதற்கு மேல் திரும்பாது. எண்ணெய்க்குப் போக இடம் இல்லை. பம்ப் நிற்காது, என்ஜின் சுற்றுகிறதே! அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டும். நாம் டயரில் அடிக்கும் காற்று 30 பவுண்டு என்பதை வைத்து இதை எடைபோட்டுப் பாருங்கள். குழாய் வெடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும். உடனே எண்ணெய் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வேலை எதுவும் நடக்காமல், பம்ப் செலவழிக்கும் சக்தி முழுவதும் சூடாக மாறும். கணக்குப் போட்டால், வீட்டில் சட்டை தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டியை அந்த ஒரு லிட்டர் எண்ணெய்க்குள் முக்கி வைத்ததற்குச் சமம்.

இதை நாம் எங்கே செய்கிறோம்? லயத்து வாசலில் செய்கிறோம். இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் பூச்செடிச் சட்டி, ஓரமாக இரண்டு மோட்டார் சைக்கிள். அந்த இடத்தில் வேனைத் திருப்ப வேண்டும். முன்னே ஓரடி, கோஸ்தான் ஓரடி, மறுபடி முன்னே. ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே கடைசி வரை ஒடிப்பது. நடுவில் எதிர் வீட்டு அக்கா ஏதோ கேட்பார். ஒடித்த ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருப்பது! பட்டணத்துச் சந்தையில் காருக்கு இடம் தேடும்போதும், தைப்பூசத்தன்று பத்துமலைப் பக்கம் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் இதே கதைதான். வண்டி நகராததால் பானெட்டுக்குள் காற்றும் வராது. என்ஜின் சூடும் எண்ணெய்ச் சூடும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

மலைப்பாதை இன்னொரு சோதனை. தாப்பாவிலிருந்து ரிங்லட் ஏறிக் கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. வேகம் குறைவு, என்ஜின் மட்டும் சின்ன கியரில் அலறும். என்ஜின் அலறினால் பம்பும் வேகமாகச் சுற்றும்; கை ஓயாமல் இடமும் வலமும் திருப்பும். வேனில் எட்டுப் பேர், பின்னால் அரிசி மூட்டை என்றால் கேட்கவே வேண்டாம். 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் பாதை அதைவிடக் குறுகல். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி, கோஸ்தான் எடுத்து வழிவிட வேண்டும். இப்படிப்பட்ட பாதைகளில் ஸ்டியரிங் எண்ணெயின் சூடு தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியைத் தாண்டுவது அதிசயம் அல்ல.

சூடானால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். எண்ணெய் சூடானால் தண்ணீர்போல் இளகும். இளகிய எண்ணெயால் பம்புக்குள் உராயும் இரும்புத் தகடுகளைக் காக்க முடியாது. எண்ணெய் தீய்ந்து, சிவப்பு நிறம் போய்ப் பழுப்பாகும். எண்ணெய் கசியாமல் அடைத்திருக்கும் ரப்பர் 'சீல்'கள் காய்ந்து விறைக்கும். இங்கே ஒரு வார்த்தை. பால்மரம் வெட்டி வளர்ந்த நமக்கு ரப்பரைப் பற்றிப் பாடம் தேவையில்லை என்று நினைப்போம். இந்த சீல்கள் நம் மரத்து ரப்பர் அல்ல. எண்ணெயைத் தாங்குவதற்கென்றே செய்த செயற்கை ரப்பர். மரத்து ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிப் போகும். வீட்டில் கிடக்கும் தண்ணீர்க் குழாயை வெட்டி ஸ்டியரிங் எண்ணெய்க்கு மாட்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

சீல் விறைத்தால் கசிவு. கசிந்தால் டப்பாவில் எண்ணெய் குறையும். குறைந்த எண்ணெய் இன்னும் சீக்கிரம் சூடாகும். காற்றும் உள்ளே புகுந்து எண்ணெய் நுரைக்கும். கசியும் எண்ணெய் புகைக்குழாயின் கொதிக்கும் பகுதியில் சொட்டினால் புகை வரும், தீப்பற்றவும் கூடும். ஆகவே ஸ்டியரிங் பக்கமிருந்து எரிந்த எண்ணெய் வாடை வந்தால், "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டாதீர்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, என்ஜினை நிறுத்திப் பாருங்கள்.

2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்றாகியிருக்கிறது. பம்பும் ரேக்கும் சேர்ந்து கெட்டால், அந்தச் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு பட்டறைக்குப் போய்விடும். ஒரு லிட்டர் எண்ணெயின் விலை அதற்குப் பக்கத்தில் நிற்காது. கையின் பழக்கத்தை மாற்றுவதற்கோ செலவே கிடையாது. அதனால் முதலில் பழக்கம்.

ஸ்டியரிங் கடைசியில் முட்டியதும், ஒரு விரல் அளவு திருப்பி விடுங்கள். அவ்வளவுதான். வால்வு மூடிக்கொள்ளும், அழுத்தம் இறங்கும். கடைசி வரை ஒடித்துப் பிடிப்பதை ஐந்து விநாடிக்கு மேல் செய்யக்கூடாது என்று வண்டியோடு கொடுக்கும் புத்தகங்கள் பலவற்றில் எழுதியே இருக்கிறது. நாம் அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுப்பதே இல்லை. நின்ற வண்டியில் ஒடிக்காமல், வண்டி மெல்ல உருளும்போது திருப்புங்கள். பாதி வேலையை உருளும் சக்கரமே செய்துவிடும். டயரில் காற்றுக் குறைந்தாலும் பம்புக்குச் சுமை கூடும். அழகுக்காக அகலமான டயர் மாட்டும் தம்பிமார்களும் இதை யோசிக்க வேண்டும். அந்த அழகின் விலையைப் பம்ப் கட்டுகிறது.

அடுத்து, மண். பல வண்டிகளில் எண்ணெய் திரும்பி வரும் குழாயை ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வளையமாக வளைத்து விட்டிருப்பார்கள். சிலவற்றில் தகடு பொருத்திய சின்னக் கூலர் இருக்கும். காற்றுப் பட்டு எண்ணெய் ஆறுவதற்கு அதுதான் வழி. செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் ஓடும் வண்டியில் அதன்மேல் மண் அப்பி, காய்ந்த இலை சிக்கி, போர்வை போர்த்தியது போலாகிவிடும். மாதம் ஒரு தடவை, என்ஜின் ஆறியபின், சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

எண்ணெயைப் பார்க்கும்போது டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும்: ஒன்று குளிர்ந்தபோது, ஒன்று சூட்டில். குளிர்ந்த வண்டியில் சூட்டுக்கோடு வரை ஊற்றினால், ஓடும்போது பொங்கி வழியும். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். சிவப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. காப்பிக் கலரில் தீய்ந்த வாடை அடித்தால் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது. எந்த எண்ணெய் என்பதை மூடியைப் பார்த்தோ, புத்தகத்தைப் பார்த்தோதான் முடிவு செய்ய வேண்டும். பல வண்டிகளுக்கு ஆட்டோ கியருக்கு ஊற்றும் சிவப்பு ஏ.டி.எஃப். போதும், ஹோண்டாவுக்கு அதன் சொந்த எண்ணெய், சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை எண்ணெய். ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். அவசரத்துக்கு என்று பிரேக் எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சீல்கள் எல்லாம் பாழாகிவிடும். பழைய எண்ணெயைப் போத்தலில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள், லயத்துக் கால்வாயில் ஊற்ற வேண்டாம்.

தனியாகக் கூலர் பொருத்தலாமா? தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போய்வரும் காருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. தினமும் மலையேறும் வேனுக்கும், பெரிய டயர் போட்டுக் காட்டுப் பாதையில் ஓடும் நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் அது நல்ல காப்பு. 'ஹாஃப் கட்' கடையில் பழையதும் கிடைக்கும். உள்ளே அடைப்பு, துரு இல்லாமல் பார்த்து வாங்க வேண்டும். போமனிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்: கூலர் திரும்பி வரும் குழாயில்தான் சேர வேண்டும், பம்பிலிருந்து போகும் அழுத்தக் குழாயில் கூடாது. சின்னக் கூலரும் சாதாரணக் கிளிப்பும் அந்த 1,000 பவுண்டைத் தாங்க மாட்டா.

புதிய மைவி போன்ற கார்களில் எண்ணெயே இல்லை, மின்மோட்டார்தான் திருப்புகிறது. அவர்களும் முழுக்கத் தப்பிக்க முடியாது. நின்ற இடத்தில் ஓயாமல் ஒடித்தால் மோட்டார் சூடேறும்; தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும், ஸ்டியரிங் கனக்கும். சற்று ஓய்வு கொடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

கடைசியாக, மலையில் பவர் போய்விட்டால் என்ன செய்வது? பயந்துவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது, சக்கரத்துக்கும் கைக்கும் நடுவே இரும்புத் தண்டு இருக்கிறது. பழைய சாகாவைவிடக் கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைத்து உருட்டுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். என்ஜின் நின்றால் ஸ்டியரிங் பம்பும் நிற்கும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் இரண்டொரு மிதியில் தீர்ந்துபோகும். அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஒதுங்கியபின் என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு டப்பா மூடியைத் திறக்காதீர்கள். ஆறியதும் அளவைப் பாருங்கள், பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள், அடியில் சொட்டு விழுந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். பிறகு போமனிடம் போகும்போது வெறுமனே "ஸ்டியரிங் சரியில்லை" என்று சொல்லாமல், "ஏறும்போது கனத்தது, ஆறியதும் இலகுவாகிவிட்டது, திருப்பும்போது ஊளைச் சத்தம் கேட்டது" என்று நடந்தபடியே சொல்லுங்கள். தேவையில்லாமல் ரேக்கைக் கழற்றாமல், எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.